அரைத்த மாவு

மின்னஞ்சல் பட்டியலை இன்னொருவனிடம் தூக்கிக் கொடுக்கும்போது நிறுவனங்கள் ஓதும் மந்திரம் ஒன்றுண்டு: ‘ஹாஷ் செய்துதான் கொடுத்தோம்.’ முகவரியைக் கிரைண்டரில் போட்டார்களாம்; 64 எழுத்துக் கூழாக வந்ததாம்; மாவை மறுபடி அரிசியாக்க யாரால் முடியும் என்கிறார்கள். ஆகா, முடியாதுதான்! ஆனால் ஊரிலுள்ள அரிசியையெல்லாம் முன்பே அரைத்து, டப்பாவுக்கு டப்பா பெயர் ஒட்டி வைத்திருக்கும் கடைக்காரனிடம் அல்லவா மாவை நீட்டுகிறீர்கள்? ஒரே அரிசிக்கு என்றைக்கும் ஒரே மாவு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது.

அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்றொரு நிறுவனம். மனம் உடைந்து வருகிறவர்களுக்கு இணையத்தில் ஆலோசனை தருவது தொழில். ரகசியம் காப்போம் என்ற சத்தியம் வேறு. அது 2017இல் தன் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளை ஃபேஸ்புக்கில் ஏற்றியது என்கிறது அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. எதற்கு? ‘உங்கள் நண்பர்களையும் கூட்டி வாருங்கள்’ என்று விளம்பரம் காட்ட! எதை ஏற்றலாம் என்று முடிவுசெய்தவர், கல்லூரி முடித்த கையோடு வந்த, அதுவரை விளம்பரத் துறைப் பக்கமே போகாத ஒரு கடைநிலை ஊழியர். துக்கத்துக்குக் காவலாளி, பாவம், அவர்தான்.

ஹாஷ் இருந்ததே? இருந்தது. ஃபேஸ்புக் அதை அவிழ்த்துவிடும் என்று நிறுவனத்துக்குத் தெரியும் என்றது கமிஷன். தெரியாமலா? ஆள் யாரென்று தெரிந்தால்தானே விளம்பரம் போய்ச் சேரும்! காட்டிக்கொடுப்பதற்காகவே கொடுத்துவிட்டு, மறைத்துத்தான் கொடுத்தோம் என்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

2023இல் 78 லட்சம் டாலரில் சமரசம் முடிந்தது. தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்றும் நிறுவனம் சொல்லிக்கொண்டது. 20 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலு டாலர் தேறாது. ஒரு மனிதனின் இருண்ட இரவுக்கு விலை ஒரு கப் காபி.

ஹாஷ் அடையாளத்தை மறைக்காது என்று அதே கமிஷன் 2012இல் எழுதியது. 2024இல் மறுபடியும் எழுதியது. நடுவில் 2020இல் கிராவதார் என்ற சுயவிவரப் படச் சேவையிலிருந்து திரட்டப்பட்ட 16.7 கோடிக் கணக்குகளில், 11.4 கோடி முகவரிகளின் ஹாஷை உடைத்துக் கடைபரப்பினார்கள். மாவு மறுபடி அரிசியாயிற்று.

இன்னும் ‘பத்திரம், பத்திரம்’ என்கிற நிர்வாகிகளே, உங்கள் சொந்த முகவரியையும் உங்கள் பிள்ளைகளின் முகவரியையும் அரைத்து, யார் யார் எந்த நோய்க்கு எந்த டாக்டரைப் பார்க்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதி, அலுவலக வாசலில் ஒட்டுங்கள். வெறும் மாவுதானே!