பேட்டரியா இருக்கும் சார்

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை இரண்டரை மணிக்கு என் கார் தானாகக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தது. மழை இல்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. வண்டிக்குள் ஆள் இல்லை. வைப்பர் பாட்டுக்குக் காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச் என்று இழுக்கிறது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் கண்ணடிக்கிறது. நாலு கதவும் டக் என்று பூட்டி, டக் என்று திறந்து, மறுபடி டக் என்று பூட்டுகிறது. பாகலூர் ரோட்டு நாய்கள் அத்தனையும் எங்கள் கேட் முன்னால் பொதுக்குழு கூட்டிவிட்டன. மாடி வீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தோடு இறங்கி வந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து பேட்டரி வயரைக் கழற்றியதும்தான் தெரு தூங்கியது.

இந்த மாதிரிக் கோளாறு வந்தால் காசு பாழாகாமல் தப்பிக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த பேட்டரி விஷயத்தை மட்டும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனைக்கு வந்தவர்கள், பானெட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். திறந்த பானெட்டைக் கடந்து போகிற ஆண்பிள்ளை நம் ஊரில் உண்டா? அதுவும் ஓசூரில்? இங்கே இரண்டு வீட்டுக்கு ஒருவர் வண்டி செய்கிறவர். முதலில் வந்தவர் லாரி கம்பெனி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஜினைப் பத்து விநாடி பார்த்தார். "பேட்டரியா இருக்கும் சார்." அடுத்தவர் ஸ்கூட்டர் கம்பெனி பெயின்ட் ஷாப். "பேட்டரிதான் சார், சந்தேகமே இல்ல." மாடியில் குடியிருக்கும் வாட்ச் கம்பெனிக்காரர் பல் தேய்த்துக்கொண்டே பால்கனியிலிருந்து தீர்ப்பு சொன்னார்: "பேட்டரி." அவர் ஆயுசில் கையில் பிடித்த பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்திருக்கும். எதிர்வீட்டில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிப் பையன், "அங்கிள், செல் பேலன்ஸ் போயிருக்கும்" என்றான். பேட்டரியையே கொஞ்சம் படித்தவன் சொல்கிற விதம் அது. கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வைத்து "ஏமயிந்தி?" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லுமுன் "பேட்டரியா?" என்றும் கேட்டார். வாட்ச்மேன் கன்னடத்தில் சொன்னார். பேட்டரிக்குக் கன்னடத்திலும் பேட்டரிதான். ராத்திரி வைப்பர் ஆடியபோது எடுத்த வீடியோவை மைத்துனனுக்கு அனுப்பினேன். சிங்கப்பூரிலிருந்து குரல் பதிவு வந்தது, நாற்பது விநாடி. முப்பத்தெட்டு விநாடி நலம் விசாரிப்பு. மீதி இரண்டு விநாடியில் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்று யோசித்தார்களா? பேட்டரி செத்தால் வண்டி சும்மா கிடக்கும். என் வண்டி நடுராத்திரி திருவிழா நடத்தியிருக்கிறது. சக்தி போதாதவன் செய்கிற காரியமா அது? இதை லாரி கம்பெனிக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஓவர் சார்ஜ் ஆகியிருக்கும்" என்றார். எந்தப் பக்கம் போனாலும் மறிக்கிறார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. இருபத்தேழு வருஷம் சிப்காட்டில் ஸ்பிரிங் பரிசோதித்து ஓய்வு பெற்றவன். ஸ்பிரிங் தவிர வண்டியில் எனக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவர் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "எதுக்கும் பேட்டரியையும் ஒரு தடவை பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிகிறது.

கடைசியில் என்ன செய்தேன்? புது பேட்டரி வாங்கினேன். 5,800 ரூபாய். அன்று ராத்திரி புது பேட்டரியின் தெம்பில் ஹாரனும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் எலக்ட்ரீஷியன் பாயை அழைத்து வந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தார். அதுவே எனக்குப் புது அனுபவமாக இருந்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தார், 12.6. ஸ்டார்ட் செய்து வைத்தார், 14.1. "பேட்டரி நல்லாருக்கு." இந்த வாக்கியத்தைத் தெருவே கேட்கும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். யு என்ற எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகள் வரிசையாக வந்தன. வண்டிக்குள் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் ஒரே ஒரு பெட்டியைக் கூப்பிட்டு, அது பதில் சொல்லவில்லை என்று அர்த்தமாம்.

"பாடி கண்ட்ரோல் மாட்யூல் சார்."

இது என்னவென்று தெரியாமல்தான் ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன். முன்னெல்லாம் வைப்பர் சுவிட்சைத் தட்டினால் ஓடுவது வைப்பர். இப்போது சுவிட்ச் வெறும் கோரிக்கைதான் வைக்கிறது. லைட், வைப்பர், இண்டிகேட்டர், கதவுப் பூட்டு எல்லாமே டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு டப்பாவிடம் கேட்டுத்தான் நடக்கும். ஷிஃப்ட் சூப்பர்வைசர் மாதிரி. எங்கள் சூப்பர்வைசர் மூன்றாம் ஷிஃப்டில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். ஊற்றிக்கொண்டது நிஜமாகவே தண்ணீர். வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலியில் குல்மோஹர் இலை அடைத்து, மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே வழிந்து டப்பாவின் கப்ளருக்குள் போயிருக்கிறது. பாய் கழற்றிக் காட்டினார். பின்களில் கோயில் குத்துவிளக்கு மாதிரிப் பச்சைக் களிம்பு. "அந்த மரத்தடியில நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள் மனைவி. நிழல் என்று நினைத்து நிறுத்தினேன்.

வயர் நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு முறுக்கு வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தார். இரண்டு முனையிலும் 120 ஓம். சேர்த்துப் பார்த்தால் 60 வர வேண்டும். வந்தது. வயர் பழுதில்லை, டப்பாதான் போச்சு. இந்த முறுக்கு வயர்ப் பேச்சை பாஷ் கம்பெனி 1986-இல் உலகத்துக்கு அறிமுகம் செய்ததாம். நம் ஓசூர் ரோட்டிலேயே ஆடுகோடியில், மைக்கோ மைக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே பாஷ். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1980-இல், இந்த ஊரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதில் ஒரு விளக்கு, ஒரு ஹாரன். ஒன்று எரியாவிட்டால் பல்பு, இன்னொன்று கத்தாவிட்டால் வயர். அது நின்றாலும் பெடல் போட்டு வீடு வந்து சேரலாம். என் காரில் பெடல் இல்லை.

பழைய சாமான் கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் அதற்குள் வேறு வண்டியின் சாவி நினைவு இருக்கும், உங்கள் சாவியைத் திருடன் என்று நினைத்துக்கொள்ளும் என்றார் பாய். புதுசுதான் வாங்க வேண்டும், கம்பெனி சர்வீஸில்தான் கோடிங் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் விலை சொன்னார்கள்: 14,600. முழுப் பணமும் முன்கூட்டியே. கூடவே ஒரு நிபந்தனை: வண்டியின் சாவி இரண்டையும் கொண்டு வர வேண்டும். கொண்டு வராத சாவியைப் புது டப்பா மறந்துவிடும்.

இரண்டாவது சாவி கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மாமியார் வீட்டுப் பீரோவில், என் கல்யாண மோதிரத்தோடு பத்திரமாக இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். "இங்க இருந்தா நீங்க தொலைச்சிடுவீங்க" என்றாள் மனைவி. வண்டி இல்லாததால் பஸ்ஸில் போய் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சூளகிரி தாண்டும்போது சர்வீஸிலிருந்து போன். பஸ் இரைச்சலில் காது கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பாடி இன்னும் வரல. பெங்களூர்லேருந்து நாளைக்குக் காலைல எடுத்துடுவாங்க."

பஸ் அமைதியானது.

"நாளைக்கே முடிச்சிடலாமா?" என்றேன்.

"பாடி வந்துட்டா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம் சார். பழசை என்ன பண்றது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேண்டாம், நீங்களே தூக்கிப் போட்டுருங்க."

முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் நெருங்கி உட்கார்ந்து என் தோளைத் தொட்டு, "வயசு என்னங்க?" என்று கேட்டார். "ஏழு" என்றேன். அதற்குப் பிறகு ஓசூர் வரை அந்த பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஒரு அம்மா எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாத்துக்குடி நன்றாகவே இருந்தது.

மறுநாள் டப்பா வந்தது. மாட்டுவதற்குப் பத்து நிமிஷம், கம்ப்யூட்டர் அதனோடு பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம். நடுவில் கரண்ட் குறைந்தால் புது டப்பாவும் அங்கேயே செத்துவிடுமாம். அதனால் வெளியிலிருந்து இன்னொரு பேட்டரியை ஜோடி சேர்த்து வைத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் இதைப் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வைப்பர் சொன்னபடி ஓடுகிறது. கதவு சொன்னபடி பூட்டுகிறது. ஒரே ஒரு சங்கதி. புது டப்பாவுக்கு வண்டியின் விவரம் எழுதும்போது, என் வண்டியை விலை கூடின மாடல் என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. தினமும் ஸ்டார்ட் செய்ததும் ஃபாக் லேம்ப் இரண்டும் பழுது என்று மஞ்சள் விளக்கு எரிகிறது. என் வண்டியில் ஃபாக் லேம்பே கிடையாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. இல்லாத விளக்கு எரியவில்லை என்று நான் எங்கே போய்ப் புகார் சொல்வது? போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பெண், "சார், பேட்டரி வயரைப் பத்து நிமிஷம் கழட்டிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க" என்றார்.

கழற்றி மாட்டினேன். மஞ்சள் விளக்கு அப்படியே இருக்கிறது. கூடவே டேஷ்போர்டு கடிகாரமும் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டது, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சரியாக மாட்டேன் என்கிறது. மாடியில் வாட்ச் கம்பெனிக்காரர் இருக்கிறார். கேட்க மாட்டேன்.