ஒற்றைச் செருப்பியல்: பட்டினப்பாக்கக் கரையை முன்வைத்து

தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை என்று கருப்பொருளை வகுத்துச் சென்ற தொல்காப்பியர் செருப்பை விட்டுவிட்டார். அவர் காலத்தில் ரப்பர் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் பெருமழைக்கு மறுநாள் அடையாறு முகத்துவாரத்தில் நிற்பவர் கண்ணில் புன்னை படாது. ஆகாயத்தாமரைக்கு நடுவே செருப்புதான் படும். அதுவும் ஒற்றையாக. ஜோடியாக ஒதுங்கியதை இவ்வாய்வாளர் கண்டதில்லை. அஃது என்னை என ஆராய்வதே இக்கட்டுரை.

இத்துறைக்கு முன்னோர் உண்டு. 1990 மே மாதம் வட பசிபிக்கில் புயலில் சிக்கிய ஹன்சா கேரியர் என்னும் சரக்குக் கப்பலிலிருந்து சுமார் 61,000 நைக்கி காலணிகள் கடலில் மிதக்கத் தொடங்கின. காலணியில் அச்சிட்டிருந்த எண்ணை வைத்தே கர்ட்டிஸ் எப்பஸ்மேயர் என்னும் கடலியலாளர் நீரோட்டத்தைக் கணக்கிட்டார். கரையோர மக்களோ சந்தை கூட்டி, ஒற்றைகளை மாற்றிக்கொண்டு, ஜோடி சேர்த்து மாட்டிக்கொண்டார்கள். எது பெரிய ஆய்வு என்பதில் இவ்வாய்வாளருக்குச் சந்தேகம் உண்டு. நெதர்லாந்தின் டெக்சல் தீவில் இடக்காலும், ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்தில் வலக்காலும் மிகுந்து ஒதுங்குவதை மார்டிக் லியோபோல்ட் எண்ணிக் காட்டினார். இரண்டும் எதிரெதிராக வளைந்தவை; ஆதலால் காற்று ஆளுக்கொரு பக்கம் தள்ளும் என்க.

இதை அப்படியே சென்னைக்குப் பொருத்த இயலாது. மாசி, பங்குனியில் வடக்கே ஓடும் நம் கரையோர நீரோட்டம் ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடுகிறது. அதன்படி பங்குனியில் போன வலக்கால் கார்த்திகையில் வீடு திரும்பியாக வேண்டும். திரும்பலாம். ஆனால் அதே கார்த்திகையில்தான் கூவமும் அடையாறும் ஊர்ச் செருப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகின்றன, சான்று கலந்துவிடுகிறது. அடியில் கொட்டலசு ஒட்டியிருந்தால் அது கடலில் நாள்பட மிதந்தது. கறுப்புச் சேறு அப்பியிருந்தால் சைதாப்பேட்டை வழி வந்தது. நாற்றம் அகச்சான்று.

இனி, தொலைந்ததா எறிந்ததா என்னும் பெரும்பூசல். நம் முதன்மைச் சான்று நீல வார் வைத்த ஹவாய் செருப்பு, இடக்கால். குதிகால் தேய்ந்து, ஓட்டை வழியே மணல் தெரிகிறது. கட்டைவிரல் இடுக்கில் வரும் வார்க்குமிழ் பிய்ந்துபோக, அடியில் ஊக்கு குத்தி வாரை நிறுத்தியிருக்கிறார்கள், ஊக்கு துருப்பிடித்திருக்கிறது. இவ்வளவு தேய்ந்ததை எறியாமல் என்ன செய்வார்கள் என்பர் எறிவுக் கொள்கையினர். அது பொருந்தாது. எறிபவர் ஊக்கைக் கழற்றிக்கொண்டல்லவா எறிவார்! ஊக்கோடு செருப்பை எறிந்த பெண்மணி எவரையும் இவ்வாய்வாளர் அறியார். கால் நனைக்கப் போனவர் ஓரமாகக் கழற்றிவிட, அலை ஒன்றை இழுத்துப்போயிருக்கும். மிச்சமிருந்த வலக்காலை ‘இதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய’ என்று அவரே கடலுக்குள் விசிறியிருப்பார். ஆக ஒரே ஜோடியில் இடக்கால் இழப்புக் கொள்கைக்கும் வலக்கால் எறிவுக் கொள்கைக்கும் சான்றாகின்றன. பூசல் தீர்ந்தது.

பதிவு செய்வதில்தான் தொல்லை. சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணி 1986இல் டெக்சாஸில் தொடங்கியது முதலே, பொறுக்கியதை எண்ணிப் படிவத்தில் எழுதுவது மரபு. முதன்மைச் சான்றைக் ‘காலணி’ என்னும் கட்டத்தில் ஏற்றிவிட்டு, உலரட்டும் என்று படகோரம் வைத்திருந்தோம். திரும்பி வருவதற்குள் மீனவர் ஒருவர் அதை வட்ட வட்டமாக அறுத்து வலையில் கோத்துக்கொண்டிருந்தார்.

“மெதப்புக்கு சார்” என்றார்.

“ஐயா, அது இடக்கால்!”

“அறுத்தப்புறம் இன்னா சார் லெப்ட்டு, ரைட்டு?”

ஊக்கை மட்டும் பத்திரமாக எடுத்து நம்மிடம் கொடுத்தார். படிவத்தில் ‘காலணி’ அடிக்கப்பட்டு, ‘மீன்பிடிச் சாதனம்’ என்னும் கட்டத்தில் ஒன்று கூட்டப்பட்டது.