மேல்மாடி வெப்பக்கோட்டு விளக்கம்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், மொட்டைமாடிக்கு நேர் கீழே அமைந்த அறையின் சூட்டைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைதலும், வரைந்த கோட்டைப் படித்தலும், படித்தபின் மனத்தாங்கல் கொள்ளுதலும் நுதலிற்று. இதை எழுதப் புகுந்த காரணம், சென்னையில் ஒரு வீட்டு ஓனருக்கும் அவருடைய மேல்மாடிக் குடித்தனக்காரருக்கும் மே மாதத்தில் எழுந்த வழக்கு. அறை கொதிக்கிறது, ஆகவே வாடகையை ஏற்றக் கூடாது என்றார் குடித்தனக்காரர். சான்று கேட்டபோது, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கிராஃப் ஷீட் ஒன்றை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். கோடு செங்குத்தாக எழுந்து தாளின் மேல் விளிம்பை முட்டியது. ஓனர் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு தாள் வாங்கி, அதே வெப்பமானி காட்டிய அதே எண்களை வைத்துத் தம் பங்குக்கு ஒரு கோடு போட்டார்.

“எங்க சார் சூடு? கோடு படுத்துல்ல கிடக்குது” என்பது ஓனர் வாக்கு.

“ராத்திரி ஒரு தடவை எங்க வீட்டுல வந்து நீங்க படுத்துப் பாருங்க சார், அப்புறம் கோட்டைப் பத்திப் பேசலாம்” என்பது எதிர்வாக்கு.

எண் ஒன்று, கோடு இரண்டு. இது கூடுமாறு எங்ஙனம் என்பதே ஆராய்ச்சி.

முதற்கண் வரலாறு. கோட்டுப்படத்தின் பிறப்பை ஆராய்வோர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரரைச் சுட்டுவர். இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை 1786இல் கோடுகளாக அச்சிட்டு வெளியிட்டவர் அவர். அவரே பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு செய்திதான் நம் துறைக்கு முதன்மையானது. இளமையில் அவருடைய அண்ணன் ஜான், வெப்பமானியைப் பார்த்துப் பதிவு வைத்து, அதன் ஏற்ற இறக்கத்தை அளவுகோட்டில் கோடுகளாகக் குறித்துவரும்படி அவரைப் பணித்தாராம். அந்த அண்ணன் பின்னாளில் எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் ஆனார். ஆக, பங்குச்சந்தைக் கோடு, தேர்தல் கோடு, கிரிக்கெட் ரன்ரேட் கோடு அனைத்துக்கும் மூலபுருஷன் ஒரு தெர்மாமீட்டர் என்பது பெறப்பட்டது. பெறப்படவே, குடித்தனக்காரர் செய்தது விதண்டாவாதம் அன்று, மரபு.

அடுத்து, புள்ளி. வெப்பமானியை எங்கே மாட்டுவது என்பதில் வீடுகளில் ஒருமித்த கருத்து இல்லை. தினசரி காலண்டர் ஆணிக்குப் பக்கத்து ஆணியே பெரும்பான்மை வழக்கு. அந்த ஆணி மேற்குச் சுவரில் இருந்தால் அளக்கப்படுவது அறையன்று, சுவர். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தால் அளக்கப்படுவது ஃபிரிட்ஜின் பெருமூச்சு. வானிலைத் துறையார் இதை முன்னரே உணர்ந்தனர். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர், ‘புதையல் தீவு’ நாவலாசிரியரின் தந்தை, சாய்வுப் பலகைகள் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்றை வகுத்தார். தரைக்கு மேல் ஏறக்குறைய நாலடி உயரத்தில், வெயில் படாமல், காற்று மட்டும் நுழைந்து போகும்படி வெப்பமானிகளை அதற்குள் வைப்பர். நாளிதழில் நாம் படிக்கும் வெயில், உண்மையில் அந்தப் பெட்டிக்குள் நிழலில் நிற்கும் காற்றின் சூடு. அதில் குடியிருப்போர் எவரும் இல்லை, வாடகையும் கிடையாது.

இனி நூலின் உயிர்நிலை. கட்டுரையாளன் இயற்றிய நூற்பா:

புள்ளி கண்டோர் உளரே, இடைப்படு
கோடு கண்டோர் யாரும் இலரே.

என்பது, காலை ஆறு மணிக்கு ஒரு புள்ளியும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு புள்ளியும் வைத்தவன், இடையில் எட்டு மணி நேரம் ஆபீஸில் இருந்தான் என்றவாறு. அவன் இழுத்த கோடு அறை செய்தது அன்று. அறை இப்படித்தான் செய்திருக்கும் என்று அவன் சொல்லும் சாட்சியம். இடையில் மின்தடை வந்திருக்கலாம், கோடை மழை பெய்திருக்கலாம், மாமியார் ஜன்னலைத் திறந்திருக்கலாம். கோட்டுக்கு அவை தெரியா.

இதற்கு மருத்துவ மேற்கோள் உண்டு. உடல் வெப்பத்தைப் புள்ளிவைத்து நோயறியும் முறையை ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச் 1868இல் வெளியிட்ட நூலால் நிலைநாட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டுக்கு அவர் முன்னோடி. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதைச் சரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை, காய்ச்சல் விட்ட வேளையாகப் பார்த்து அளப்பவன் போடும் கோடு 98.4இல் ஆடாது அசையாது நிற்கும். நோயாளி நடுங்கிக்கொண்டிருப்பார், சார்ட் சுகமாக இருக்கும்.

இதைவிடப் பெரிய விந்தை நாளிதழ்க் கோடு. அன்றன்றைய உச்ச வெப்பத்தை வரிசையாகக் குறித்து இணைப்பது அதன் இயல்பு. உச்சவெப்பமானி, பாதரசம் ஏறிய இடத்திலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. ஏறிய உயரத்தைச் சொல்லும், ஏறிய நேரத்தைச் சொல்லாது. திங்கட்கிழமை உச்சமும் செவ்வாய்க்கிழமை உச்சமும் 39, 40 என்று வந்தால், இடையே போகும் கோடு முப்பத்தொன்பதுக்குக் கீழே இறங்காமலே ஒரு முழு இரவைக் கடந்துவிடும். அந்தப் படத்தை மட்டும் நம்புகிறவனுக்குச் சென்னையில் இரவு என்பதே கிடையாது. (மேல்மாடிக் குடித்தனக்காரர் இப்பகுதியைப் படித்துவிட்டு, “அது சரிதானே” என்றார். அவர் கருத்து ஈண்டுக் கொள்ளப்படவில்லை.)

சேலம், திருச்சி, மதுரை என ஊர்களை வரிசையிட்டு அவற்றின் வெப்பத்தைக் கோட்டால் கோப்பாரும் உளர். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையில் கோடு எதைச் சொல்கிறது? துவரங்குறிச்சியின் வெயிலையா? ஊருக்குத் தூண் போதும். கோடு காலத்துக்கே உரியது.

அச்சுக்கு வருவோம். வழக்கின் முடிச்சு இங்கேதான் கிடக்கிறது. காலை ஆறுக்கு 31, பிற்பகல் இரண்டுக்கு 35, இரவு ஒன்பதுக்கு 37 என்று கொள்க. குடித்தனக்காரர் நிற்கும் அச்சை 30இல் தொடங்கி 38இல் முடித்தார். ஓனர் சுழியத்தில் தொடங்கி நூறில் முடித்தார். “எதையும் ஜீரோவிலேருந்து ஆரம்பிக்கணும் சார், அதுதான் நேர்மை” என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு அறம்போல் ஒலிக்கும். வாடகைப் பணத்துக்கு அது பொருந்தும். சுழிய ரூபாய் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை. சுழிய டிகிரி செல்சியஸ் என்றால் ஒன்றுமில்லை என்றா பொருள்? அது நீர் உறையும் இடம், அவ்வளவே. ஃபாரன்ஹீட்டுக்குச் சுழியம் வேறிடம். ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தம் அளவையை முன்மொழிந்தபோது நீர் கொதிக்கும் இடத்துக்குத்தான் சுழியம் கொடுத்தார், உறையும் இடத்துக்கு நூறு. அவர் மறைந்தபின் பிறர் திருப்பி வைத்தனர். வைத்திராவிட்டால் அக்னி நட்சத்திரம் நம் கோட்டில் பள்ளமாக விழுந்திருக்கும். ஓனர் அதைக் குளிர்காலம் என்றே வாதிட்டிருப்பார்.

மெய்யான சுழியம்தான் வேண்டுமெனில் கெல்வினுக்குப் போக வேண்டும். அது செல்சியஸில் மைனஸ் 273.15. அந்த அச்சில் மார்கழி விடியலின் 20 டிகிரி 293 ஆகும், கத்திரி வெயிலின் 40 டிகிரி 313 ஆகும். ஓராண்டுச் சென்னையும் ஏறக்குறைய ஒரே நேர்கோடு. நேர்மையின் உச்சிக்குப் போனால் வியர்வை கணக்கில் வராது.

அதற்காகக் குடித்தனக்காரர் கட்சி வென்றது என்று கொள்ளற்க. எட்டு டிகிரியைத் தாள் முழுக்க இழுத்தால், பிளாட்ஃபாரக் கடையில் வாங்கிய வெப்பமானியின் தடுமாற்றமும் மலையாகத் தெரியும். பொதுத்தேர்வில் எட்டு மார்க் வரைபடக் கணக்குக்கு, அளவுத்திட்டத்தைத் தாளின் ஓரத்தில் எழுது என்று பிள்ளைகளை வாத்தியார்கள் விரட்டுவது வீணுக்கல்ல. இருவர் தாளிலும் அது இல்லை. எம் முடிபு: அந்த அறை ஓராண்டில் காணும் தாழ்விலிருந்து உச்சம்வரை அச்சு விரிய வேண்டும், அதற்கு மேலும் வேண்டா, கீழும் வேண்டா. அறையை அறையோடுதான் ஒப்பிட முடியும். உறைபனியோடு அன்று, கொதிநீரோடும் அன்று.

அலகிலும் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்க் குடும்பம் ஏசியைச் செல்சியஸில் வைக்கும், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் பார்க்கும், வெயிலுக்குச் சதத்தை எதிர்பார்க்கும். “வெயில் சதம் அடித்தது” என்ற தலைப்பு ஃபாரன்ஹீட்டுக்கே வாய்க்கும். அதே வெயில் செல்சியஸில் 37.8 என்று அரைகுறையாக அவுட்டாகிவிடும். நூறில் ஒரு கிடைக்கோடு போட்டுவைத்தால் 99ஆம் 101ஆம் வேறு வேறு உலகங்கள் போலத் தோன்றும். தோலுக்கு அந்தக் கோடு தெரியாது.

இறுதியாக, படிக்கும் முறை. ஏறுவதையும் இறங்குவதையும் எல்லாரும் பார்ப்பர். எப்போது ஏறியது என்பதைப் பார்ப்பார் சிலர். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு. வெளிக்காற்றின் உச்சம் அதற்குப் பின்னால் வரும். சென்னையில் கடற்காற்று நுழைந்ததும் கோடு சரியும், அது தாமதிக்கும் நாளில்தான் ஊர் வேகும். மேல்மாடி அறையோ இரண்டையும் கேட்பதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அதைச் சாவகாசமாகக் கீழே இறக்குகிறது; ஆகவே அறையின் உச்சம் பொழுது சாய்ந்த பிறகு. இதற்கும் முன்னோடி உண்டு. யோஹான் லம்பெர்ட், தாம் இறந்து இரண்டாண்டு கழித்து 1779இல் வெளிவந்த நூலில், மண்ணின் வெவ்வேறு ஆழங்களில் ஆண்டு முழுதும் வெப்பம் எப்படி மாறுகிறது என்பதைக் கோடுகளாக வரைந்திருக்கிறார். ஆழம் போகப்போக அலை தணிகிறது, உச்சம் பிந்துகிறது. நம் தளம் அந்த மண்ணின் சிறு பதிப்பு. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய தளங்கள் இந்த அலையை நன்றாகவே தணித்தன. வெறும் கான்கிரீட்டில் தணிவு குறைவு, உபகாரமும் குறைவு.

இதனால் வழக்கின் வேர் புலனாயிற்று. ஓனர் மாதம் பிறந்து ஐந்தாம் தேதி, முற்பகல் பதினோரு மணிக்கு வாடகை வாங்க மாடியேறி வருபவர். தெரு வெயிலிலிருந்து உள்ளே வந்து, ஃபேனுக்கு அடியில் அமர்ந்து, “ஜிலுஜிலுன்னுதானே இருக்கு” என்கிறார். அந்த நேரத்தில் அது பொய்யில்லை. அவருடைய புள்ளி மெய். அதிலிருந்து இரவு வரை மனத்துக்குள் அவர் இழுத்த கோடுதான் வாடகையை ஏற்றியது.

இம்முடிபை மறுப்போர் மே மாதத்தில், இரவு ஒன்பது மணிக்குமேல், மேற்படி முகவரிக்கு வரலாம். பாயும் தலையணையும் குடித்தனக்காரர் தருவார். வெப்பமானியும் அளவுத்திட்டமும் அவரவர் கொண்டுவருக.