அர்த்தம் சொல்பவர் விடுப்பில்

ஆவியின் வரமாக, கற்காத மொழியில் பேசும் அந்நியபாஷை அப்போஸ்தலரோடு ஓய்ந்துவிட்டது என்பவர்கள் 1 கொரிந்தியர் 13:8-ஐக் காட்டுவார்கள். அதே வசனம் அறிவும் ஒழிந்துபோகும் என்கிறது. தங்கள் அறிவு ஒழிந்துவிட்டதா என்ற சந்தேகம் மட்டும் அவர்களுக்கு வருவதில்லை. ஆகவே வரம் ஓய்ந்ததென்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. ஓய்ந்தது பவுல் போட்ட நிபந்தனை: இருவர், மிஞ்சினால் மூவர், அதுவும் ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் சபையில் மௌனம். இன்றோ மேடையிலிருந்து சைகை வந்ததும் பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் பேசுகிறது.

1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் எழுப்புதல் மூண்டபோது, பாஷை வரம் மிஷனரிகளுக்குச் செலவில்லாத மொழிப் பயிற்சி என்றே பலர் நம்பினர். வங்காள மொழி கிடைத்துவிட்டதாக நம்பிய ஆல்ஃபிரட் கார் கல்கத்தாவுக்கே கப்பலேறினார், வங்காளிகளுக்குத்தான் புரியவில்லை. பேசுபவருக்கு ஏற்கெனவே பழகிய மொழிகளின் ஒலிகளே அந்நியபாஷையில் புரள்கின்றன என்று மொழியியலாளர் வில்லியம் சாமரின் 1972-இல் எழுதினார். ‘இது மனிதருக்கல்ல, தேவனுக்கு’ என்று மறுப்பார்கள். நியாயம்தான், பவுலும் அப்படித்தான் சொல்கிறார். தேவனோடு தனியாகப் பேச எதற்கு ஐயா, தெருமுனை வரை ஒலிபெருக்கி?