மூடத்தான் போறியா மருமவனே?

வா மருமவனே, உக்காரு. ஊரு நூலகத்துக்கு ஆளே வர்றதில்ல, எதுக்கு வீண் செலவு, மூடிப்புடலாம்னு டீக்கடையில பேசினியாமே. கவுன்சிலரு மூளைன்னா மூளைதான்! மாட்டுக்கு வைக்கோல் போடாம நாலு வருசம் கட்டி வச்சிட்டு, பால் கறக்கலன்னு சந்தைக்கு ஓட்டுறது நல்ல யாவாரம்தான்.

ஆளு ஏன் வரலன்னு நானும் போயிப் பாத்தேன். பூட்டு தொங்குது. பூட்டப் படிக்க எவன் வருவான்? நூலகரு ஒருத்தரு, அவருக்கு ஊரு ரெண்டு. இங்க இருந்தா அங்க பூட்டு, அங்க இருந்தா இங்க பூட்டு. கூட்டிப் பெருக்குறதும் அவரே, பதிவேடு எழுதுறதும் அவரே. 1931-ல மன்னார்குடியில கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தரு, மாட்டு வண்டியில புஸ்தகம் ஏத்தி ஊரு ஊரா அனுப்பினாரு. நூலகத் துறையில பேரு பெத்த நம்ம சீர்காழி ரங்கநாதன்தான் அதத் தொடங்கி வச்சாரு. நாம அதைவிட முன்னேறிட்டோம், மாட்ட அவுத்துட்டு நூலகரையே பூட்டி ஓட்டுறோம்.

செலவுங்குறியே, யாரு காசு? ஒன் வீட்டு வரி ரசீத எடுத்துப் பாரு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு, எழுத்து பொடிசு. ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரின்னு தனியா வாங்குறீங்க. சுதந்திரம் வந்த மறுவருசமே, 1948-ல, போட்ட சட்டம் அது. நூலகத்துக்குன்னு வாங்குன காச மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிப்புடணும். கட்டியாச்சா? சரி சரி, தண்ணி குடி, பொறை ஏறுது.

போன்லயே எல்லாம் இருக்குன்னியாம். இருக்கு, இருக்கு. ஒன் மவ குரூப் ஃபோருக்குப் படிக்க எங்க போவுதுன்னு கேட்டியா? கதவு தெறந்திருக்குற அன்னிக்கி, பத்து மணிக்கெல்லாம் அந்த நூலகத்து மேசையிலதான் இருக்கு. வீட்டுல நீ டிவிய அலற விட்டா புள்ள வேற எங்க போவும்? மூடுற சேதிய அதுகிட்ட நீயே சொல்லிடு. நான் கூட நிக்க மாட்டேன், வயசான ஒடம்பு, அடி தாங்காது.

மூடுறதுக்கு மின்ன ஒரே ஒரு நாளு மட்டும் தெறக்கச் சொல்லு மருமவனே. எடுத்துட்டு வந்த புஸ்தகம் ஒண்ணு கெடு தாண்டிக் கெடக்கு. திருப்பிக் குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நாம என்ன நூலக வரியா வச்சிருக்கோம், கட்டாம நிம்மதியா தூங்க?