கஞ்சா வரியில் காலாப்பட்டுக்குப் பங்கு கேட்பது எப்படி?

உங்கள் வீடு புதுச்சேரியின் காலாப்பட்டில் இருக்கிறது. தெருமுனை விளக்கு எரிவதில்லை. ராத்திரியானால் அந்த இருட்டில் பொட்டலம் கைமாறுகிறது என்று உங்களுக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். இதுவரை புகார் கொடுத்திருப்பீர்கள். அது பழைய முறை. இனிமேல் பங்கு கேளுங்கள்.

அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள். வாஷிங்டன் மாநிலம் 2012இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திக் கஞ்சாவைக் கடையில் விற்க வழிவிட்டது. வரிப்பணம் மாநிலக் கஜானாவுக்குப் போயிற்று. நகராட்சிகள் சும்மா இருக்குமா? கடை எங்கள் தெருவில், ரோந்து போவது எங்கள் போலீஸ், வரி மட்டும் உங்களுக்கா என்று கேட்டன. விடாமல் கேட்டு, 2015இல் ஒரு பங்கை வாங்கியும் விட்டன. ஓரிகன்காரர்கள் இன்னும் உஷார். 2014 வாக்கெடுப்பிலேயே பள்ளிக்கூடங்களுக்கு 40 சதவீதம், மாநில போலீசுக்கு 15, நகரங்களுக்கு 10 என்று பாகம் பிரித்து எழுதிக்கொண்டார்கள். நகரங்களுக்கான பத்து எதற்காம்? உள்ளூர்ச் சட்டம் ஒழுங்குச் செலவுக்கு. ஊருக்குள் கடையே கூடாது என்று தடை போட்ட நகரங்களுக்குப் பங்கு கிடையாது என்று பிறகு ஒரு விதியும் வந்தது. ஒழுக்கத்தையும் வருமானத்தையும் ஒரே பையில் போட விடவில்லை, பாவம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். முதலில் அந்தக் கஞ்சா வரி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல்: நம்மிடம் அப்படி ஒரு வரியே இல்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவைக் குற்றமாக்கிவிட்டது. ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு என்று எடை பார்த்துத் தண்டனை உண்டு. எடை பார்த்து வரி கிடையாது. (காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டமும் அதே 1985தான். நாடாளுமன்றம் ஒரே ஆண்டில் நம் ஊருக்கு மாணவர்களைக் கொடுத்து, அவர்களில் சிலரைப் பிடிக்கும் சட்டத்தையும் கொடுத்திருக்கிறது.)

வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சாவுக்குக் கடையும் இருந்தது, உரிமமும் இருந்தது, வரியும் இருந்தது. 1893இல் ஒரு கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளுக்கு அறிக்கை எழுதினார்கள். தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்று முடித்தார்கள். இன்றைக்கும் அந்தச் செடியின் இலை தனியாக இருந்தால் மத்திய சட்டம் அதைக் கஞ்சா என்று சொல்வதில்லை. பூவும் காயும் விட்ட நுனியைத்தான் சொல்கிறது. அந்தச் சந்து வழியாக ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அந்த இலையில் செய்யும் பாங்கு விற்கும் கடைகளுக்கு அரசே உரிமம் கொடுத்துக் காசு பார்க்கிறது. ஜெய்சல்மேருக்குச் சுற்றுலா போன நம்மவர்கள் அப்படி ஒரு கடைப் பலகையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஆக, புதுச்சேரியின் கஞ்சா வரி வருமானம் பூஜ்யம். ஓரிகன் கணக்குப்படி அதில் பத்து சதவீதம் உள்ளூருக்குச் சேர வேண்டும். இதைக் கொடுக்க எந்த அரசும் தயங்காது. கேட்ட அன்றே ஆணை வந்துவிடும்.

பணமாக வராவிட்டால் பொருளாகவாவது கேட்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பங்கில் எலி முந்திக்கொள்கிறது. சென்னை மெரினாவில் 2020இல் பிடிபட்டதாகச் சொன்ன 22 கிலோ எங்கே என்று நீதிமன்றம் கேட்டபோது, எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொன்னது. 2023 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மதுராவில் ஐந்நூறு கிலோவுக்கு மேல் எலிகள் சாப்பிட்டதாகக் கணக்கு வந்தது. எலிகளும் நகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவைதானே, உள்ளூர்ப் பங்கு உள்ளூருக்கே போய்விட்டது என்று யாராவது வாதாடினால் உங்களிடம் பதில் இருக்காது.

ஆகவே பார்வையைப் பாட்டில் பக்கம் திருப்புங்கள். அங்கே பூஜ்யம் இல்லை. சாராயக்கடை ஏலம், கள்ளுக்கடை ஏலம், மாதாமாதம் கிஸ்தி, மதுக்கடை உரிமக் கட்டணம், கலால் தீர்வை என்று எல்லாம் போய்ச் சேருவது ஒரே கஜானாவில். தமிழ்நாட்டில் சாராயமும் கள்ளும் கிடையாது, டாஸ்மாக்கில் விலையும் கூட. அதனால் பக்கத்து மாவட்டத்து அண்ணன் தம்பிகள் வாரக்கடைசியில் வந்து நம் பட்ஜெட்டுக்குக் கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2020 மே மாதம் கொரோனா வரி என்று ஒன்றைப் போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினார்கள். கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். 2021 ஏப்ரலில் அந்த வரி போன பிறகுதான் பாண்டி மறுபடி பாண்டியாயிற்று.

மனுவில் வைக்க ஒரு நல்ல வாதம் தருகிறேன். சினிமா டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி வாங்கும் உரிமை நகராட்சியுடையது. மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து மயங்குகிறவனிடம் ஊர் வரி வாங்கலாம். வெளியே வந்து கட்டிங் போட்டு மயங்குகிறவனிடம் வாங்கும் வரி மட்டும் ஏன் கடற்கரைச் சாலை தலைமைச் செயலகத்துக்கு முழுசாகப் போக வேண்டும்? படம் பார்த்தவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். மற்றவன் உங்கள் திண்ணையில் படுத்திருக்கிறான்.

அடுத்து வரைபடம். இதை மனுவோடு இணைக்காமல் விடாதீர்கள். வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்ப மாட்டார். டவுனிலிருந்து ஈசிஆரில் கிளம்பினால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும். முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் கடந்தால் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்த்து வைத்துவிட்டுப் போன சொத்து இப்படித்தான் கிடக்கும். டவுனில் ஒரு குவாட்டர் வாங்கி, காலாப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து குடிக்க நினைப்பவர் சட்டப்படி பார்த்தால் இரண்டு எல்லையைத் தாண்டும் கடத்தல்காரர். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும். கோட்டக்குப்பத்தில் மதுவிலக்குப் போலீஸ் வண்டியை நிறுத்தினால், "சார், இது பாண்டியிலிருந்து பாண்டிக்குத்தான் போகுது" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்வது உண்மைதான். அந்த உண்மைக்கு அங்கே பர்மிட் கிடையாது, அவ்வளவுதான்.

இந்தப் பூகோளத்தால் வரும் செலவை நன்றாக விவரியுங்கள். பொட்டலக்காரனை காலாப்பட்டு போலீஸ் துரத்தினால் அவன் வண்டியை முறுக்கித் தமிழ்நாட்டுக்குள் போய்விடுவான். அந்தப் பக்கத்துப் போலீஸ் துரத்தினால் இந்தப் பக்கம் வந்துவிடுவான். இதே சாலையில் வடக்கே போனால் மரக்காணம். 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த மீனவக் குடும்பத்து ஆட்கள் செத்துப்போனார்கள். விசாரணை புதுச்சேரி வரை வந்தது. இந்த இடத்தில் மட்டும் மனுவில் கிண்டல் வேண்டாம். போதையில் கிடைக்கும் வருமானம் ஓர் அரசின் கணக்கில் ஏறுகிறது, பிணம் வேறொரு ஊரின் கணக்கில் ஏறுகிறது என்று நேராகவே எழுதுங்கள்.

முன்னுதாரணம் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். இருக்கிறது, அதுவும் இருநூறு ஆண்டுப் பழசு. 1815 மார்ச் 7ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சு இந்தியாவின் உப்பு வாணிபத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய் தர வேண்டும். கூடவே 300 பெட்டி அபின், கல்கத்தா ஏலத்தின் சராசரி விலைக்குத் தர வேண்டும். பெரிய அரசின் போதை வியாபாரத்தில் சின்ன ஊர் தன் பாகத்தை எழுதி வாங்கியது நம் புதுச்சேரிச் சரித்திரம். ஓரிகனை விட 199 ஆண்டுகள் முந்தி. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

ஊரின் தகுதிகளையும் பட்டியல் போடுங்கள். சட்டம் சொல்லிக்கொடுக்க அரசு சட்டக் கல்லூரி காலாப்பட்டில். பிடிக்கக் காவல் நிலையம் காலாப்பட்டில். அடைக்க மத்திய சிறை காலாப்பட்டில். மதிலுக்கு மேலே கஞ்சாவும் கைபேசியும் பறந்து உள்ளே விழுந்த செய்திகளும் அந்தச் சிறையைப் பற்றித்தான் வந்தன. இத்தனையையும் ஒரே ஊரில் கொண்டுவந்து குவித்தவர்களுக்குத் தெருவிளக்கு மட்டும் மறந்துபோயிற்று.

இனி மனுவை யாரிடம் கொடுப்பது? கலால் துறைக்குக் கொடுத்தால் நிதித்துறை என்பார்கள். நிதித்துறைக்குப் போனால், நாங்களே டெல்லியிடம் பங்கு கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். அது பொய் இல்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரிக்கும் வரிப் பங்கில் அதற்கு இலை போடுவதில்லை. பல ஆண்டுகளாகப் பந்தி வாசலில் நிற்கிறவரிடம் போய் உங்கள் இலையில் எனக்கும் கொஞ்சம் என்று கேட்கிறீர்கள். அப்புறம் கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகைக்குப் போகும், விளக்கம் கேட்டுத் திரும்பும், மறுபடி போகும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

தாங்க முடியாதது இன்னொன்று. வாஷிங்டனில் பங்கு கேட்டவர்கள் மேயர்களும் கவுன்சிலர்களும். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் காலாப்பட்டை வைத்திருக்கும் உழவர்கரை நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன சார் வேணும்?"

"சேர்மனைப் பார்க்கணும்."

"சேர்மனா? அவங்க காலம் 2011லயே முடிஞ்சுபோச்சே. ஆணையர் இருக்காரு, பார்க்கறீங்களா?"

புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டு கழித்து, 2006இல், அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்கு வந்து நின்றுபோயிற்று. பங்கு கேட்க வேண்டிய வாய் இல்லை. கொடுத்தால் வாங்கிக் கணக்குச் சொல்ல வேண்டிய கையும் இல்லை.

அப்படியே பணம் வந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அமெரிக்க நகரங்களுக்குச் சொந்தமாகப் போலீஸ் உண்டு. நம் நகராட்சிக்குச் சொந்தமாக இருப்பது குப்பை வண்டியும் கொசுமருந்து வண்டியும். புகை போட்டுப் பொட்டலக்காரனைப் பிடிக்க முடியாது. போலீஸ் அரசுடையது, ஆகவே அமலாக்கப் பணம் வந்த வழியிலேயே அரசுக்குத் திரும்பிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குடி கூடினால்தான் பங்கு கூடும் என்று ஆகிவிட்டால், குடியைக் குறைக்கச் சொல்லும் அக்கறை எந்த அலுவலகத்துக்கும் இருக்காது. இப்போது அந்த நோய் தலைமைச் செயலகத்தில் மட்டும் இருக்கிறது. பங்கு வாங்கினால் வார்டுக்கு வார்டு பரவும்.

அதனால் கையில் வைத்திருக்கும் மனுவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உழவர்கரை நகராட்சிக்குத் தேர்தல் நடத்தச் சொல்லி வேறொரு மனு எழுதி, முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நீதிமன்றத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.