முதல் கட்டுரையில் குழம்பு வாடை: பினாங்கு இதழியல் மாணவர் குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

பினாங்கில் தொடர்பியலும் இதழியலும் படிக்க வரும் மாணவர், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், எந்த மொழியில் கனவு கண்டாலும், தம் வாழ்நாளின் முதல் சிறப்புக் கட்டுரையை நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றைப் பற்றியே எழுதுகிறார். இது விதியா பசியா என்பதே இவ்வாய்வின் பொருள். முன்னோர் எவரும் இதைத் தொடாமல் விட்டது வியப்பளிக்கிறது. ஒருவேளை அவர்களும் வரிசையில் நின்றிருக்கலாம்.

களமாகப் பினாங்கைத் தேர்ந்தது ஏன் என்று தேர்வாளர் கேட்கக்கூடும். 1806இல் மலாயாவின் முதல் செய்தித்தாள் அச்சானது இந்தத் தீவில்தான். நாகூர் குலாம் காதிறு நாவலர் கடல் கடந்து வந்து ‘வித்தியா விசாரிணி’ நடத்தியது இங்கேதான். 1910இல் சுன் யாட் சென்னும் அவர் தோழர்களும் தொடங்கிய ‘குவோங் வா’ நாளிதழ் இன்றும் வருகிறது. 1971இல் ‘தி ஸ்டார்’ பிறந்ததும் ஜார்ஜ் டவுனில். படிக்கும் இடங்களுக்கும் குறைவில்லை. 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனில் பரந்து கிடக்கிறது. சிறிய இடம் வேண்டுவோருக்கு ஹான் சியாங் இருக்கிறது: 1978இல் சீனமொழி இதழியல் வகுப்பாகத் தொடங்கி, 2017இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்து, பெயரிலேயே ‘தொடர்பியல்’ என்று போட்டுக்கொண்டது. இத்தனை பெரிய மரபின் வாரிசு கையில் குறிப்பேட்டோடு கிளம்பி நேரே போய் நிற்கும் இடம் குழம்புப் பானைக்கு முன்னால்.

சோம்பல் என்று இதைத் தள்ளிவிட இவ்வாய்வாளரும் முதலில் நினைத்ததுண்டு. கோட்பாட்டு நூல்கள் வேறு சொல்கின்றன. செய்தித்துறையில் ஓயாமல் ஓதப்படும் ‘வாயில்காப்போர்’ கோட்பாடு பிறந்ததே சாப்பாட்டில்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நல்ல இறைச்சி போர்முனைக்குப் போய்விட, இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளை அமெரிக்கக் குடும்பங்களை எப்படி உண்ண வைப்பது என்று உளவியலாளர் குர்ட் லெவின் ஆராய்ந்தார். சந்தையிலிருந்து சாப்பாட்டு மேசைவரை உணவு வரும் வழியில் வாயில்கள் இருக்கின்றன, அங்கே காவலுக்கு ஒருவர் நிற்கிறார், பெரும்பாலும் அது வீட்டுத் தலைவி என்று கண்டார். 1950இல் டேவிட் மானிங் ஒயிட் இதைச் செய்தி அறைக்குள் கொண்டுபோய், பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தந்திச் செய்திகளில் எவற்றைக் கழிக்கிறார், ஏன் கழிக்கிறார் என்று பார்த்தார். ஆகவே சாப்பாட்டை எழுதும் மாணவர் துறையை விட்டு விலகவில்லை. தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார்.

லெவின் கண்ட இன்னொன்று: விரிவுரை கேட்ட பெண்களைவிட, வட்டமாக உட்கார்ந்து கலந்து பேசி முடிவெடுத்த பெண்களே அந்த உள்ளுறுப்புகளை அதிகமாகச் சமைத்தார்கள். இந்த முடிவும் உலகெங்கும் விரிவுரையாகவே நடத்தப்படுகிறது.

வாயில்காப்போரை நேரில் காண விரும்புவோர் நாசி கண்டார் கடையில் கரண்டி பிடித்திருப்பவரைப் பார்க்கலாம். மீன் குழம்பு மட்டும் போதும் என்று நாம் சொல்கிறோம். ‘கூவா சம்போர்’ என்று தமக்குள் தீர்மானித்து அவர் கோழி, கணவாய், பருப்பு எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுகிறார். ‘பஞ்சிர்’ என்று சொல்லித் தொலைத்தால் சோறு வெள்ளத்தில் மூழ்கும். வேண்டியதைக் கேட்டால் வேண்டாததையும் சேர்த்துத் தரும் ஆசிரியர் குழுக்களை நாம் அறியாதவர்களா?

இனி கட்டுரையின் உடற்கூறு. முதல் வரியில் மணம் வரும், மூக்கைத் துளைக்கும். இரண்டாம் பத்தியில் கடைக்காரரின் பாட்டனார் தோளில் கம்பும், கம்பின் இரு முனையிலும் பானையுமாகத் துறைமுகத் தொழிலாளிகளை நோக்கி நடப்பார். இது வரலாற்று உண்மை. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அப்படித்தான் விற்றார்கள், சோற்றுக்குப் பெயரும் அந்தக் கம்பால் வந்தது. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் ஒரே பாட்டனார் நடப்பதாகத் தெரிகிறது. பிறகு நாற்பது வருட வாடிக்கையாளர் ஒருவர் பேசுவார். காரமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது என்று வெளிநாட்டுப் பயணி ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்வார்.

கட்டுரையின் உயிர்நிலை அடுத்த பத்தி. மாணவர் கேட்கிறார்: “மாமா, மசாலாவுல என்னென்ன போடுறீங்க?” பதில்: “அது குடும்ப ரகசியம் தம்பி.” மாணவர் மகிழ்ந்து அதையே தலைப்பாக்கிவிட்டு மடிக்கணினியை மூடுகிறார். ஒரு கேள்வி மறுக்கப்பட்ட இடத்தில்தானே செய்தியாளரின் வேலை தொடங்குகிறது? மொத்த மளிகைக்காரரிடம் விசாரிக்கலாம், முன்னாள் சமையல்காரரைத் தேடலாம். அரசு ரகசியங்களைக் காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் சோம்புக்கும் பட்டைக்கும் பொருந்தாது. கொத்தமல்லித்தூள் கணக்கில் இப்படித் திரும்பி வருபவரைக் கட்டுமான ஒப்பந்தக் கணக்குக் கேட்க அனுப்பினால் என்ன கொண்டுவருவார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இருந்தாலும் மாணவரை மட்டும் குறை சொல்லி ஆய்வை முடிப்பது நியாயமில்லை. ஊடகச் சட்ட வகுப்பில் அவர் என்ன படிக்கிறார் என்று பாருங்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் என்று ஒன்று. அதன்படி பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். 2012இல் திருத்தம் வரும்வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ‘ஓப்பராசி லாலாங்’ கைதுகளின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ’, ‘வாத்தான்’ மூன்றின் உரிமங்களும் பறிக்கப்பட்டன. ஜார்ஜ் டவுனில் பிறந்த அந்த ஆங்கில நாளிதழ் மறுபடி கடைக்கு வந்தது 1988 மார்ச்சில். காலையில் இதைப் படித்துத் தேர்வெழுதிய பிள்ளை, மாலையில் கட்டுரைக்குப் பொருள் தேடும்போது எந்தப் பக்கம் திரும்பும்? குழம்புக்கு உரிமம் தேவையில்லை. மீன்தலை வழக்குப் போடாது. மாணவர் நாசி கண்டாரைத் தேர்ந்தெடுப்பதில் பசிக்கு உள்ள பங்கைவிடப் புத்திக்கு உள்ள பங்கு பெரிது என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

ஆனால் அந்தத் தட்டிலேயே ஒரு பெரிய செய்தி தொடப்படாமல் கிடக்கிறது. கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்கிறார். நேற்றைய அதே கோழி, அதே வெண்டைக்காய். இன்று தொகை வேறு. முறை வாய்பாடா, வானிலையா, வாடிக்கையாளரின் சட்டையா? விலைக் கட்டுப்பாட்டுக்கும் கொள்ளை லாபத் தடுப்புக்கும் நாட்டில் 2011 முதல் சட்டம் இருக்கிறது. சாப்பிட்டவர் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். மணத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதும் மாணவர் விலையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

எனவே பினாங்கின் இதழியல் விரிவுரையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாசி கண்டார் கட்டுரையைத் தடை செய்யாதீர்கள், செய்தாலும் நிற்காது. அடுத்த பருவத்தில் மணம், பாட்டனார், ரகசியம் மூன்றையும் விலக்கிவிட்டு, ஒரு தட்டின் விலை எப்படிப் போடப்படுகிறது என்று மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள். விடையோடு வருபவருக்கு ஏ கொடுங்கள். வகை வகையாக விலை பிரித்த ரசீதோடு வருபவருக்குப் பட்டத்தையே கொடுத்து அனுப்பிவிடலாம்.